வீட்டில் எல்லாம் இருக்கிறது, எடுத்துக் கொடுக்கத்தான் ஆளில்லை!
பள்ளி திறக்கும் வாரத்தில் தோட்டத்து வீடுகளுக்கு ஒரு தொடக்கப் பள்ளி ஆசிரியையின் யோசனைகள்

ஜூன் மாதம் பிறந்தால் நம் பக்கத்துத் தோட்டங்களில் இரண்டு வேலைகள் ஒன்றாக வந்து சேரும். மேல்காற்று தொடங்கிவிட்டது, ஒரு மழை கிடைத்தால் காட்டில் நிலக்கடலை போட்டுவிட வேண்டும் என்பது ஒன்று. பள்ளிக்கூடம் திறப்பது மற்றொன்று. விதைப்புக்கு வேண்டிய விதை, ஏர் அல்லது டிராக்டர், ஆள் ஆகிய எல்லாவற்றுக்கும் பத்து நாள் முன்பாகவே சொல்லி வைத்துவிடுகிறோம். பள்ளிக்கூடத்துக்கு மட்டும் முதல் நாள் இரவு ஒன்பது மணிக்குப் பையைத் தேடுகிறோம்.

நான் பல்லடத்துக்கும் தாராபுரத்துக்கும் இடையில் உள்ள ஒரு கிராமத்தில் தொடக்கப் பள்ளி ஆசிரியை. எங்கள் வீட்டிலும் மூன்று ஏக்கர் தோட்டமும் இரண்டு கறவை மாடுகளும் உண்டு. ஆகவே பண்ணையம் உள்ள வீட்டின் காலை நேரம் எப்படிப்பட்டது என்று எனக்கு யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை. ஐந்து மணிக்குக் கட்டுத்தறி. ஆறு மணிக்குப் பால் சொசைட்டி. மோட்டார் போடும் முறை வந்துவிட்டால் அதற்கும் ஓட வேண்டும். இவற்றோடு, திருப்பூருக்குச் சுற்றியுள்ள நம் ஊர்களில் இன்னொன்றும் சேர்ந்துவிட்டது. பனியன் கம்பெனி வண்டி ஏழரை மணிக்கெல்லாம் ஊர் முனைக்கு வந்து நிற்கிறது. பெரும்பாலும் அதில் ஏறுகிறவள் பிள்ளையின் தாய்.

கம்பெனியில் காலை எட்டரை முதல் மாலை ஐந்தரை வரை ஒரு ஷிப்டு. இரவு எட்டரை வரை நின்றால் ஒன்றரை ஷிப்டு. ஏற்றுமதி ஆர்டர் நெருக்கும் மாதங்களில் ஒன்றரை ஷிப்டுதான். தாய் வீடு வந்து சேர ஒன்பதரை ஆகிவிடும். இந்தச் சம்பளம் இல்லாவிட்டால் கிணறு வற்றிய வருஷங்களில் எத்தனையோ வீடுகள் கடனில் மூழ்கியிருக்கும். ஆகவே வேலைக்குப் போவதைக் குறை சொல்ல நான் எழுதவில்லை. காலை ஐந்திலிருந்து எட்டரை வரை உள்ள அந்த மூன்றரை மணி நேரத்தைப் பற்றித்தான் எழுதுகிறேன்.

ஒரு திங்கட்கிழமை

சில வருஷங்களுக்கு முன் பள்ளி திறந்த இரண்டாவது திங்கட்கிழமை, காலை வணக்கக் கூட்டத்தில் நான்காம் வகுப்புப் பையன் ஒருவன் மயங்கி விழுந்தான். தண்ணீர் தெளித்து, சர்க்கரைத் தண்ணீர் கொடுத்து உட்கார வைத்தோம். ஞாயிற்றுக்கிழமை இரவு ஏதோ திருமண வீட்டில் சாப்பிட்டதுதான். காலையில் ஒரு கிளாஸ் டீயும் ஒரு வர்க்கியும். அவனுடைய வீட்டில் ஐந்து ஏக்கர் தோட்டம், நான்கு பால் மாடு, கோழி, முருங்கை எல்லாம் இருந்தன. தகவல் சொல்லியனுப்பியதும் அவனுடைய அப்பத்தா வந்தார். நான் கேட்பதற்கு முன்பே அவரே சொன்னார்:

"ஊட்டுல எல்லாம் இருக்குதுங்க டீச்சரம்மா. எடுத்துக் குடுக்கறதுக்குத்தானுங்க ஆளில்லை. எனக்குங் கண்ணு தெரியறதில்லீங்க. அவங்கம்மா ஏழு மணிக்கு ஓடுனா ராத்திரிதான் வர்றா."

காலையில் கறந்த பால் முழுவதும் சொசைட்டிக்குப் போயிருக்கிறது. பிள்ளைக்கு டீ போட்டதோ அரை ஆழாக்குப் பாலில்.

வருகைப் பதிவேட்டை வருஷக்கணக்காக எழுதி வருகிறவர்களுக்கு ஒன்று தெரியும். பிள்ளை பள்ளியை விட்டு நிற்பது ஒரே நாளில் நடப்பதில்லை. ஜூனில் பிந்தி வருகிறான். பிந்தி வந்தால் கேள்வி கேட்பார்கள் என்று கூச்சப்பட்டு ஒரு நாள் நின்றுகொள்கிறான். வீட்டில் நிற்கிறவனைச் சும்மா விடுவானேன் என்று ஆடியில் கடலை போடவோ, மாடு மேய்க்கவோ அனுப்புகிறார்கள். பாடம் தெரியாமல் போகிறது. எட்டாவது, ஒன்பதாவது வருவதற்குள் தீபாவளி நெருக்கடியில் ஏதாவதொரு கம்பெனியில் கைமடி வேலைக்கு ஆள் வேண்டும் என்று யாரோ கூப்பிடுகிறார்கள். அத்தோடு முடிந்தது. திருப்பூரில் 1980-களிலும் 1990-களிலும் இப்படிப் போன பிள்ளைகள் ஏராளம். இன்று அன்றைக்கு இருந்த அளவு இல்லை என்றாலும், தொடக்கம் அதே இடத்தில்தான் இருக்கிறது. அதாவது, ஜூன் மாதத்துக் காலை நேரத்தில்.

சட்டத்தையும் ஒரு வரி தெரிந்துகொள்வது நல்லது. 14 வயது நிரம்பாத பிள்ளையை எந்தத் தொழிலிலும் வேலைக்கு வைக்கக்கூடாது என்று 2016-இல் சட்டம் திருத்தப்பட்டது. தன் குடும்பத்துக்குப் பள்ளி நேரம் போக, படிப்பு கெடாமல், ஆபத்தில்லாத வேலையில் உதவலாம். மாலையில் கன்றுக்குட்டிக்குத் தண்ணீர் காட்டலாம். விதைப்பு நாளில் பள்ளிக்கு அனுப்பாமல் நிறுத்தக்கூடாது.

பள்ளிச் சோற்றை நம்பலாமா?

நம்பலாம், ஆனால் நேரத்துக்குப் போனால். 1950-களில் காமராஜர் ஆட்சியில் மதிய உணவு வந்தது. 1982 ஜூலை முதல் தேதி எம்.ஜி.ஆர். ஆட்சியில் சத்துணவுத் திட்டம் தொடங்கியது. 2022 செப்டம்பர் 15-ஆம் தேதி மதுரையில் காலை உணவுத் திட்டம் தொடங்கப்பட்டு, 2023 ஆகஸ்டு 25 முதல் மாநிலம் முழுவதும் உள்ள அரசு தொடக்கப் பள்ளிகளுக்கும், 2024 ஜூலை 15 முதல் கிராமப்புற அரசு உதவி பெறும் தொடக்கப் பள்ளிகளுக்கும் விரிவடைந்தது. உப்புமா, கிச்சடி, பொங்கல் என்று சாம்பாருடன் சூடாகப் போடுகிறார்கள். திட்டம் வந்தபின் பிள்ளைகள் நேரத்தோடு வருவதை நாங்களே கண்ணால் பார்க்கிறோம்.

ஆனால் பாடம் தொடங்குவதற்கு முன்பே அது பரிமாறி முடிந்துவிடும். பிந்தி வருகிற பிள்ளைக்கு அது கிடைக்காது. தனியார் பள்ளி வேனில் ஏழே காலுக்கு ஏறுகிற பிள்ளைக்கும் அது இல்லை. மூன்றாவதாக ஒரு கூட்டம் இருக்கிறது, அதை யாரும் கவனிப்பதில்லை. அதுதான் ஐந்தாம் வகுப்பு முடித்து, ஜூனில் பக்கத்து ஊர்ப் பள்ளிக்கு ஆறாம் வகுப்புக்குப் போகிற பிள்ளை. காலை உணவு 1 முதல் 5 வரை படிக்கும் பிள்ளைகளுக்கென்று ஏற்பட்டது. போன வருஷம் வரை பள்ளியில் சாப்பிட்ட பழக்கத்தில், இந்த வருஷமும் வெறும் வயிற்றோடு பஸ் ஏறிவிடும். புதுப் பள்ளியில் என்ன ஏற்பாடு என்று சேர்க்கும்போதே கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்.

ஞாயிற்றுக்கிழமை இரண்டு மணி நேரம்

சனிக்கிழமை சம்பளம், ஞாயிற்றுக்கிழமை சந்தையும் சொந்தபந்தமும் என்று போய்விடுவதால் திங்கட்கிழமை வகுப்பில் எப்போதும் இடம் காலியாக இருக்கும். ஞாயிறு மாலையில் இரண்டு மணி நேரத்தை மட்டும் ஒதுக்கினால் வாரம் முழுவதும் காலையில் ஓட்டம் பாதியாகக் குறையும்.

முதலில் உடுப்பு. அரசு பள்ளியில் நான்கு இணைச் சீருடை விலையில்லாமல் கிடைக்கிறது. ஆனால் அது திறந்த அன்றே கைக்கு வரும் என்று எதிர்பார்க்க வேண்டாம். பழையதில் இரண்டு இணையைப் பட்டன் தைத்து, ஓரம் பிரித்து நீளம் விட்டு வைத்துக்கொள்ளுங்கள். இரண்டு மூன்று பிள்ளைகள் உள்ள வீட்டில் யாருடையது யாருக்கு என்று காலையில் சண்டை வரும். காலருக்கு உள்பக்கம் ஒவ்வொருவருக்கும் ஒரு நிற நூலில் இரண்டு தையல் போட்டுவிடுங்கள். நம் ஊரில் நூலுக்கா பஞ்சம்? அதே நிற நூலைப் பை வாரிலும், தூக்குப்போசிப் பிடியிலும் சுற்றிவிட்டால் ஒன்றாம் வகுப்புப் பிள்ளைகூடத் தன்னுடையதைத் தானே எடுத்துக்கொள்ளும்.

பனியன் வெட்டுத் துணி எடை போட்டு விற்கிறார்கள். அதில் ஒரு முழம் போதும். பென்சில் பை, சிலேட்டுத் துணி, சோற்றுப் போசியைச் சுற்றும் துணி எல்லாம் அதிலேயே தைத்துக்கொள்ளலாம். புத்தகத்துக்கு அட்டை போடப் பழைய காலண்டர்த் தாளைவிட உறுதியானது கிடையாது.

அடுத்து ஒரு ஆணி. சிரிக்க வேண்டாம். பிள்ளையின் உயரத்துக்கு எட்டுமாறு வாசற்படிக்குப் பக்கத்தில் ஒரு ஆணி அடித்து, பள்ளியிலிருந்து வந்ததும் பையை அதிலே மாட்டப் பழக்குங்கள். செருப்பும் அதன் கீழேயே. காலையில் எங்கள் பள்ளிக்குப் பிந்தி வருகிற பிள்ளைகளைக் காரணம் கேட்டால், பாதிப்பேர் சொல்வது, "நோட்டைக் காணோமுங்க டீச்சர்" என்பதுதான். தேடிய நேரம் கால் மணி. அந்தக் கால் மணியில் ஒரு வட்டல் சோறு சாப்பிட்டிருக்கலாம்.

குடும்ப அட்டை, பிறப்புச் சான்று, சாதிச் சான்று, ஆதார், வங்கிப் புத்தகம் ஆகியவற்றின் நகல்களை ஒரே உறையில் போட்டு டிரங்குப் பெட்டியில் வையுங்கள். பிள்ளைக்கு 5 வயது ஆனதும் ஒரு தடவையும், 15 வயது ஆனதும் ஒரு தடவையும் ஆதாரில் கைரேகையும் கண்ணும் புதிதாகப் பதிய வேண்டும். இதை விட்டுவிட்டுப் பின்னால் உதவித்தொகை சமயத்தில் அலைகிறவர்கள் நிறைய.

இரவே செய்து வைக்க வேண்டியவை

நம் கொங்குச் சமையலில் சிக்கனமும் சத்தும் சேர்ந்த ஒன்று உண்டென்றால் அது அரிசியும் பருப்பும் சோறு. இதற்குக் குழம்பு வேண்டாம், ரசம் வேண்டாம். ஒரே பாத்திரம். ஆறாம் வகுப்புப் பிள்ளையின் மதியப் போசிக்கும் இதுவே போதும்.

நான்கு பேருக்குப் புழுங்கல் அரிசி 2 டம்ளர், துவரம் பருப்பு அரை டம்ளர். இரண்டையும் இரவிலேயே அளந்து ஒரு போசியில் கலந்து வையுங்கள். ஒரு கைப்பிடி சின்ன வெங்காயம், பத்துப் பல் பூண்டு உரித்து ஒரு கிண்ணத்தில் மூடி வையுங்கள். உரிக்கிற வேலையைத் தகப்பனாரிடமே கொடுக்கலாம். டி.வி. பார்த்துக்கொண்டே செய்கிற வேலைதான், கௌரவம் ஒன்றும் குறையாது. காலையில் அரிசி பருப்பைக் கழுவி ஊறப்போட்டுவிட்டுப் பால் கறக்கப் போங்கள். வந்ததும் குக்கரில் கடலை எண்ணெய் அல்லது தேங்காய் எண்ணெய் ஊற்றிக் கடுகு, சீரகம், நான்கு வரமிளகாய், கறிவேப்பிலை தாளித்து, வெங்காயம் பூண்டை வதக்கி, இரண்டு தக்காளி, மஞ்சள் தூள், உப்பு சேர்த்து, 7 டம்ளர் தண்ணீர் விட்டு, அரிசி பருப்பைப் போட்டு மூடி நான்கு விசில் விட வேண்டியதுதான். பச்சரிசியானால் ஒரு டம்ளர் தண்ணீர் குறையுங்கள். கையில் முருங்கைக் கீரை இருந்தால் மூடுமுன் ஒரு பிடி போடலாம். இறக்கியதும் ஊத்துக்குளி வெண்ணெய் ஒரு உருண்டை வைத்தால் பிள்ளை மறுபேச்சுப் பேசாது.

சூட்டோடு போசியை மூடாதீர்கள். வட்டலில் பரப்பி ஆவி போன பிறகு போட்டு மூடினால் மதியம் வரை கெடாது. வெயில் காலம் நீண்டுகொண்டே போகிறது. 2023-இல் வெயில் தணியாததால் தொடக்கப் பள்ளிகளே ஜூன் 14-ஆம் தேதிதான் திறந்தன. அந்தச் சூட்டில் தேங்காய்ச் சட்னியைப் போசியில் வைத்து அனுப்பினால் பதினொரு மணிக்கே புளித்துவிடும். அதற்குப் பதில் ஒரு துண்டு எலுமிச்சை ஊறுகாய் வையுங்கள்.

முருங்கைக் கீரை ஆய்வதற்கு நேரமில்லை என்று பலர் அதை மாட்டுக்குப் போட்டுவிடுகிறார்கள். மாலையில் கொத்துக் கொத்தாக ஒடித்து, ஒரு பனியன் துணியில் இறுகச் சுற்றி வைத்துவிடுங்கள். காலையில் பிரித்து உதறினால் இலை தானாகவே கொட்டிவிடும். இது என் மாமியார் சொல்லிக் கொடுத்த வித்தை. மூலனூர், வெள்ளகோவில் பக்கம் முருங்கை வைத்திருப்பவர்கள் காய்க்குத்தான் விலை பார்க்கிறார்கள். இலையை நிழலில் உலர்த்திப் பொடித்து டப்பாவில் வைத்தால் தோசை மாவிலும் களியிலும் ஒரு கரண்டி கலக்கலாம்.

அடுத்தது கம்பு, ராகி. இவை காலையில் அடுப்பே மூட்டாமல் சாப்பிடக்கூடியவை. கம்பு ரவை ஒரு டம்ளருக்கு நான்கு டம்ளர் தண்ணீர் விட்டு இரவு சோறாக்கி, ஆறியதும் உருண்டை பிடித்துப் பானைத் தண்ணீரில் போட்டு வைக்கவும். விடிந்ததும் மோர் விட்டுக் கரைத்து, உப்பும் சின்ன வெங்காயமும் சேர்த்தால் ஆயிற்று. ராகிக் களியையும் இப்படியே வைக்கலாம். ராகி 100 கிராமில் 340 மில்லிகிராமுக்கு மேல் சுண்ணாம்புச் சத்து இருக்கிறது. தீட்டிய அரிசியில் பத்து மில்லிகிராம் அளவுதான். வளர்கிற எலும்புக்கு எது வேண்டும் என்று நீங்களே பார்த்துக்கொள்ளலாம். கம்பை மட்டும் மொத்தமாக மாவு அரைத்து வைக்காதீர்கள். அதில் கொழுப்பு அதிகம், பத்து நாளில் கசந்துவிடும். வாரத்துக்கு வேண்டியதை மட்டும் அரைத்துக்கொள்ளுங்கள்.

பிள்ளைகள் கூழ் குடிக்க மாட்டேன் என்கிறார்கள் என்று தாய்மார்கள் சொல்கிறார்கள். உண்மைதான். பள்ளியில் மற்றப் பிள்ளைகள் கேலி செய்வார்கள் என்ற பயமும் அதில் இருக்கிறது. என் வகுப்பில் நானே ஒருநாள் கம்மங்கூழைத் தூக்குப்போசியில் கொண்டுபோய் எல்லாரும் பார்க்கக் குடித்தேன். அடுத்த வாரம் மூன்று பிள்ளைகள் கொண்டு வந்தார்கள். எல்லாரும் மாறிவிட்டார்கள் என்று சொல்ல மாட்டேன். பிடிக்காத பிள்ளைக்குக் கம்பு மாவில் வெல்லமும் வறுத்த கடலையும் இடித்து உருண்டை பிடித்துக் கொடுங்கள்.

கொள்ளு நம் காட்டில் விளைவது. நூற்றுக்கு ஏறக்குறைய 22 பங்கு புரதச் சத்து உள்ளது. சனி இரவு ஊறப்போட்டு ஞாயிறு மதியம் வேகவைத்தால், வடித்த தண்ணீர் ரசத்துக்கு, கொள்ளைச் சீரகம், பூண்டு, மிளகாயோடு ஆட்டினால் சோற்றில் பிசையப் பருப்பு. மிஞ்சியதை பிரிட்ஜில் வைத்துத் திங்கள் காலை கொதிக்கவிட்டுப் பயன்படுத்தலாம். பிரிட்ஜ் இல்லாவிட்டால் அன்றே தீர்த்துவிடுங்கள்.

பால் கேனுக்குப் போகுமுன்

கறந்ததும் பிள்ளைகளுக்கு ஆளுக்கு ஒரு டம்ளர் அளந்து தனிச் செம்பில் ஊற்றிவிட்டுப் பிறகு கேனை நிரப்புங்கள். கேனில் போனது போனதுதான், திரும்பி வராது. ஒரு டம்ளர் பாலால் சொசைட்டிக் கணக்கில் குறைவது எவ்வளவு என்று பார்த்தால், அந்தக் காசுக்குக் கடையில் ஒரு டீயும் வர்க்கியும்கூடச் சரியாகக் கிடைக்காது. காய்ச்சாமல் கொடுக்க வேண்டாம். சாப்பிட்ட உடனே பிள்ளைகளுக்கு டீ கொடுப்பதையும் நிறுத்துங்கள். கீரையிலும் கம்பிலும் உள்ள இரும்புச் சத்து உடம்பில் சேராமல் டீ தடுத்துவிடும். பிப்ரவரியிலும் ஆகஸ்டிலும் பள்ளியில் கொடுக்கிற குடற்புழு மாத்திரையைப் பிள்ளை விழுங்கியதா என்று கேளுங்கள். மண்ணில் வெறுங்காலோடு திரிகிற தோட்டத்துப் பிள்ளைகளுக்கு அது மிகவும் அவசியம்.

மாலை நாலரைக்கு வீடு திரும்பும் பிள்ளை, தாய் வரும் ஒன்பதரை வரை கடை மிக்சரும் பாக்கெட்டும் தின்றுகொண்டிருக்கிறது. ஞாயிறு அன்றே நிலக்கடலையும் வெல்லமும் சேர்த்து, எள் இருந்தால் அதையும் சேர்த்து, உருண்டை பிடித்து ஒரு டப்பாவில் வையுங்கள். காலையில் தட்டைப் பயற்றையோ பச்சைப் பயற்றையோ ஊறப்போட்டுவிட்டுப் போனால், அப்பாரோ அப்பத்தாவோ மாலையில் ஒரு கொதி விட்டு உப்புப் போட்டுக் கொடுத்துவிடுவார்கள். வீட்டில் பெரியவர்கள் இல்லாதவர்கள் பக்கத்துச் சாளையில் சொல்லி வைக்க வேண்டும். சின்னப் பிள்ளையை அடுப்புப் பக்கம் விடுவதும், கிணற்றுப் பக்கம் தனியே விடுவதும் வேண்டாம்.

பாத்திரம் கழுவும் தண்ணீர் ஓடும் இடத்தில் ஒரு முருங்கைப் போத்து, ஒரு கறிவேப்பிலை, ஒரு பப்பாளி. பக்கத்திலேயே ஆறடிக்கு மூன்றடி அளவில் மூன்று பாத்தி. பத்து நாளைக்கு ஒரு பாத்தியாகச் சிறுகீரை விதைத்து வந்தால், முதல் பாத்தி ஒரு மாதத்துக்குள் பறிப்புக்கு வரும்போது மூன்றாவது முளைத்து நிற்கும். பருத்திக்கும் தக்காளிக்கும் அடிக்கிற மருந்து காற்றில் அடித்து வராத பக்கமாகப் பாத்தி இருக்கட்டும். இப்போது மேல்காற்றுக் காலம் என்பதால் வீட்டுக்கு மேற்கே மருந்து தெளித்தால் அது நேராக இங்கேதான் வரும்.

முதல் வாரத்தில் ஒரு நாள், மோட்டார் முறை இல்லாத நாளாகப் பார்த்து, பள்ளிக்கு ஒரு நடை வந்து போங்கள். தாய்க்குக் கம்பெனியில் விடுமுறை கிடைக்காவிட்டால் தகப்பனார் வரலாம். பிள்ளை எத்தனை மணிக்கு வருகிறது, காலையில் சாப்பிடுகிறதா, எழுத்து தெரிகிறதா என்ற மூன்றையும் கேட்டால் போதும். உங்கள் தோட்டத்தில் தென்னைக்கோ கோழிப் பண்ணைக்கோ வெளி மாநிலத்திலிருந்து வந்து தங்கியிருக்கும் குடும்பம் இருந்தால், அவர்கள் பிள்ளையையும் கையோடு கூட்டி வாருங்கள். ஜூன் மாதம் கடந்துவிட்டாலும் சேர்த்துக்கொள்வார்கள். வயதுச் சான்று இல்லை என்று 6 முதல் 14 வயதுப் பிள்ளையைத் திருப்பி அனுப்பக்கூடாது என்று 2009-ஆம் வருஷத்துக் கல்வி உரிமைச் சட்டம் சொல்கிறது. வட்டலும் டம்ளரும் மட்டும் கொடுத்து அனுப்புங்கள்.